கன்னியம்மாள் அக்காவும் மக்காத தகடும்

ஊரப்பாக்கத்தில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கன்னியம்மாள் அக்காவின் தம்பி. "அக்கா பூடுச்சு மேடம்" என்றார். வந்த ரயிலில் நான் ஏறவில்லை.

அக்கா என் உடன்பிறந்தவர் அல்லர். தாம்பரத்தில் எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் எனக்கு மூத்த ஆய்வாளர். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். அப்பாவின் வலையில் மீனோடு பிளாஸ்டிக் பைகளும் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர். "மண்ணுல போட்டா மக்குற பிளாஸ்டிக் ஒண்ணு பண்ணிட்டுத்தான் சாவேன்" என்பார். பாழாய்ப்போன வாய், அதில் பாதிதான் பலித்தது.

அவர் சேர்ந்த புதிதில் எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாரும்மா லேபுக்கு மீன் கொண்டாந்தது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "நீங்க வாங்கிக் குடுத்த அமீன் கெமிக்கலோட வாடை சார் அது" என்று சொல்லிவிட்டு அக்கா தன் குடுவையைக் கவனித்தார்.

மக்காச்சோள மாவிலிருந்து செய்யப்படும் லாக்டைடு என்ற மூலக்கூறின் வளையங்களைத் திறந்து பிளாஸ்டிக் சங்கிலியாகக் கோப்பதுதான் அவர் வேலை. அதைத் தொடங்கிவைக்க ஓர் உலோக அணைவுச் சேர்மம் வினையூக்கியாக வேண்டும். அக்காவுடையது துத்தநாகத்தில் செய்தது. ஈரம் பட்டால் செத்துப்போகும். தாம்பரத்து மழையில் அதைக் காப்பாற்றுவது சாமானியமா? தலைக்குக் குளித்த ஈரத்தோடு போனால் என்னை வாசலிலேயே நிறுத்துவார். "முடி காஞ்சப்புறம் வா. இல்லாங்காட்டி அது பூடும்."

கடைசியில் கண்ணாடிபோல் ஒரு தகடு வந்தது. பேராசிரியர் அதைக் கருத்தரங்குகளில் தம்முடையதாகக் காட்டிப் பெருமைப்பட்டார். அக்காவிடம் மட்டும், "மக்குதுன்னு நிரூபி, அப்புறம்தான் தீசிஸ்" என்றார். அக்கா தகட்டில் தன் பெயரைக் கீறி, ஆய்வகத்துக்குப் பின்னால் புங்கமரத்தடியில் புதைத்தார். அந்த மழைக்காலத்திலேயே அவருக்கு ரத்தப் புற்று என்று தெரிந்தது.

தோண்டிப் பார்க்கும்போதெல்லாம் தகடு பளபளத்தது. சங்கிலியை அவ்வளவு நீளமாக, அவ்வளவு ஒழுங்காகக் கோத்துவிட்டார். மண்ணால் பிரிக்க முடியவில்லை. சுமாராகச் செய்திருந்தால் சீக்கிரம் மக்கியிருக்கும். அப்படி ஒன்று புதிதாகச் செய்யட்டுமா என்று அக்கா பேராசிரியரிடம் கேட்டார். "புதுசா ஆரம்பிக்க உனக்கு டைம் இருக்காம்மா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார் அந்த மனிதர்.

அக்கா அழவில்லை. வெளியே வந்து, "நானா அதுவா, யாரு மொதல்ல மக்குறோம்னு பாத்துக்கலாம் இரு" என்று சிரித்தார்.

இரங்கல் கூட்டத்தில் பேராசிரியர், "நம்ம லேபோட சொத்து போயிடுச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீ என்று எழுந்து வந்துவிட்டேன்.

பால் ஊற்றும் நாளில் தகட்டைத் தோண்டி எடுத்துக்கொண்டு கோவளம் போனேன். இடுகாட்டில் அக்காவின் அம்மா கேட்டார்: "மக்கிச்சா பாப்பா?"

"இல்லம்மா."

அம்மா அதை வாங்கி முந்தானையால் துடைத்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். கீறிய பெயர் அப்படியே இருந்தது.

"எம் பொண்ணு செஞ்சதாச்சே! அம்மாஞ் சீக்கிரம் வீணாப்பூடுமா?" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

தகட்டை அக்காவின் தலைமாட்டில் புதைத்து மண்ணைத் தள்ளினேன். போய் வாருங்கள் அக்கா. நீங்கள்தான் முந்திக்கொண்டீர்கள்.