இரண்டு நாற்காலி

போன சனிக்கிழமை குன்னூரில் ஒரு நர்சிங் கல்லூரிக்குப் போயிருந்தேன். 'கதை சொல்வது எப்படி?' என்று மாணவிகளுக்கு நான் வகுப்பு எடுக்க வேண்டுமாம். பதினாறு பக்கக் குறிப்போடு போனேன். அதில் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை... நல்லவேளை.

"மொதல்ல எங்க சனிக்கிழமைக் கதையக் கேட்டுருங்க சார். அப்புறம் நீங்க பேசலாம்" என்றார் ஆசிரியை சாந்தி.

வகுப்பின் நடுவே எதிரெதிராக இரண்டு நாற்காலி. வாரம் ஒரு மாணவியின் முறை. வார்டில் நடந்த ஒரு விஷயத்தை முதல் நாற்காலியில் உட்கார்ந்து நர்ஸாகச் சொல்ல வேண்டும். பிறகு எதிர் நாற்காலிக்கு மாறி, அதையே நோயாளியாகச் சொல்ல வேண்டும். நோயாளியின் பெயரை மட்டும் சொல்லக் கூடாது. மார்க் கிடையாது. ஆனாலும் பரீட்சையைவிட இதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

அன்று கீர்த்தனாவின் முறை. இரண்டாம் ஆண்டு மாணவி. பவானியிலிருந்து மலைக்குப் படிக்க வந்தவள்.

"அந்தக்கா டீ எஸ்டேட்ல வேலை செய்யறாங்க. சர்க்கரை நோய். விரல்ல குத்தி ரத்தம் பார்த்துத்தான் இன்சுலின் போடோணும். நேத்துக் காலைல இருந்து கையவே தர மாட்டேங்கறாங்க. யார் போனாலும் கம்பளிக்குள்ள இழுத்துக்கறாங்க. நல்லபடியாத்தானுங்க மேடம் கேட்டேன். சார்ட்ல 'நோயாளி ஒத்துழைக்கவில்லை'ன்னு எழுதிட்டேன்."

சர்க்கரை எவ்வளவு என்று தெரியாமல் மருந்தை எவ்வளவு போடுவது? கேட்ட எனக்கே பயமாக இருந்தது.

"செரி, அந்தப் பக்கம் உக்காரு" என்றார் சாந்தி.

மாறி உட்கார்ந்தாள்.

"நான் கொழுந்து எடுக்கறவ. நேத்து ஒரு நர்ஸ் புள்ள வந்துச்சு. என் விரல ஸ்பிரிட் பஞ்சால தேச்சுச்சு. மறுபடியும் தேச்சுச்சு. கருப்பு போகல. 'ஏனுங்கக்கா, கைய சோப்பு போட்டுக் கழுவ மாட்டீங்களா'ன்னு கேட்டுச்சு. வார்டே திரும்பிப் பார்த்துச்சு. எனக்கு..."

முதல் நாற்காலியில் இந்தப் பஞ்சும் சோப்பும் வரவே இல்லை — கவனித்தீர்களா?

பின் வரிசையில் ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "அது அழுக்கில்ல கீர்த்தனா. கொழுந்துக் கறை. எங்கம்மா கையும் அப்படித்தான் இருக்கும். எத்தன சோப்பு போட்டாலும் போகாது."

நாள் ஒன்றுக்கு நாலு டம்ளர் டீ குடிக்கிறவன் நான். அந்தக் கொழுந்தைப் பறித்த விரல் என்ன நிறத்தில் இருக்கும் என்று ஒருநாளாவது யோசித்திருக்கிறேனா? வெட்கமாக இருந்தது.

கீர்த்தனா எழுந்தாள். "மேடம், வார்டுக்குப் போயிட்டு வந்தர்றனுங்க."

இருபது நிமிடம் யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. திரும்பி வந்தவள் முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"'கறைன்னு தெரியாம அழுக்குன்னு நெனச்சுட்டேனுங்கக்கா, தப்பு என்மேலதான்'னு சொன்னேன். அந்தக்கா என் மொகத்தப் பார்த்தாங்க. அப்புறம் கம்பளிய விலக்கிட்டு, 'எந்த வெரலு வேணும் புள்ள?'ன்னாங்க."

சார்ட்டில் இப்போது 'நோயாளி ஒத்துழைக்கிறார்' என்று இருக்கிறதாம். ஒத்துழைக்க ஆரம்பித்தது நர்ஸ்தான்... அதை எழுத சார்ட்டில் கட்டம் இல்லை.