கற்கண்டில் பூட்டிய மிதவை

மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நேரம். லாபு பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பட்டறையில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தேன். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. காலை ஆறு மணிக்குத்தான் கேட்டைத் திறப்பார்கள். வெளியே போகிற ஒவ்வொருவரையும் சோதனை போடுவார்கள். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்பது சட்டம். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் தேத்தண்ணியைக்கூடச் சீனி போடாமல்தான் கொண்டு போக வேண்டும். ஒரு பிடி அரிசியோடு பிடிபட்டால் சிறைதான்.

தோட்டத்து உதவி மேனேஜரான எங்கள் சின்ன துரைக்கு ஒரு கிறுக்கு உண்டு. போலீஸ் அனுமதி வாங்கி, கை நீளத்துக்கு ஒரு பொம்மை நீர்மூழ்கிக் கப்பல் செய்து, கரையில் நின்றபடி ரேடியோப் பெட்டியால் அதை ஓட்டுவார். ஓட்டுவது ஆலைக்குத் தண்ணீர் எடுக்கும் குளத்தில். அது வேலிக்கு வெளியே இருந்தது. முதல் கப்பல் ஒரு நாள் முங்கியது, முங்கியதுதான். கலங்கல் தண்ணீரில் எங்கே கிடக்கிறதென்று கடைசி வரை தெரியவில்லை. இரண்டாவதைச் செய்து முடித்ததும், அது அமிழ்ந்து போனால் இடம் காட்ட ஒரு மிதவை வேண்டும் என்று என்னிடம் வந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் "செஞ்சிரலாம் துரை" என்றேன். என்னால் முடியாத வேலை உலகத்தில் இல்லை என்று நான் நம்பிய வயது அது.

சிவப்புச் சாயம் அடித்த சின்ன டின் ஒன்று. அதில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும், நரம்பின் மறுமுனை கப்பலில் கட்டியிருக்கும். கப்பலின் முதுகில் ஒரு கொக்கி அதைப் பிடித்திருக்கும். கொக்கியைத் திறக்க ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கைத் திறக்க விடாமல் தடுப்பது ஒரு கற்கண்டுத் துண்டு. கப்பல் சாதாரணமாக முங்கி எழுவது ஒரு நிமிஷ வேலை, கற்கண்டு தாங்கும். எழாமல் அடியிலேயே கிடந்தால் கற்கண்டு கரையும், கொக்கி விடும், டின் மேலே வந்து இடம் காட்டும். ஒவ்வொரு முழுக்குக்கும் புதுத் துண்டு மாட்ட வேண்டும். இந்த யோசனை தோன்றிய அன்று எனக்குத் தலை கால் புரியவில்லை.

"இருமலுக்கு வச்சிருந்தத எடுத்துட்டுப் போயி மீனுக்கா போடப் போறீங்க?" என்று என் மனைவி கேட்டாள். நான் இருபது துண்டுகளை அரத்தால் ஒரே அளவாகத் தேய்த்து, காகிதத்தில் மடித்து, மிதவை, கொக்கி, ஸ்பேனர்களோடு பையில் போட்டேன்.

மறுநாள் காலை அந்தப் பையோடு கேட்டில் போய் நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணுக்கு அது தின்பண்டமாகவே படவில்லை. ஸ்குரூ, வாஷர் மாதிரி அதுவும் ஒரு சாமான். கேட்டில் சோதனை போட்ட மலாய் சார்ஜன் பொட்டலத்தைப் பிரித்ததும்தான் அது சீனி என்பது எனக்கு உறைத்தது.

வரிசை நின்றுவிட்டது. யாரும் நகரக் கூடாது என்று உத்தரவு. வெயில் ஏறினால் பால் இறங்காது என்பதால் பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. சின்ன துரை சிரம்பானுக்குப் போயிருந்தார். எனக்காகச் சொல்ல யாரும் இல்லை. போலீஸ் லாரியை வரவழைக்கப் போன் போட சார்ஜன் எழுந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் மிதவையை எடுத்துக் காட்டி, கையையும் காலையும் ஆட்டி விளக்கினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டின் மேல வர எவ்ளோ நேரம் ஆகும்?" என்று மலாயில் கேட்டார்.

"அஞ்சு நிமிஷம் துவான்" என்றேன். அளந்து பார்த்தவன் மாதிரி சொன்னேனே தவிர, ஒரு தடவைகூட அளந்ததில்லை.

அவர் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தார். "இது முடியட்டும். அதுக்குள்ள வரலன்னா போன்தான்."

பெண்கள் வரிசையிலிருந்து என் மனைவி தன் பால்வாளியை நீட்டினாள். காவல் கொட்டகைக் குழாயில் அதை நிரப்பி, கொக்கியில் மிதவையையும் கற்கண்டையும் மாட்டி, கொக்கியை ஒரு பெரிய ஸ்பேனரோடு சேர்த்துக் கட்டி உள்ளே இறக்கினேன். ஊரே வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிகரெட் பாதியானது. அப்புறம் கால். தண்ணீரில் ஓர் அசைவும் இல்லை. விடியற்காலைக் குளிர்ந்த தண்ணீர், அதுவும் அசையாமல் நிற்கிற தண்ணீர். கற்கண்டு எப்படிச் சீக்கிரம் கரையும்? அது அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது. என் மனைவி வாளியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சிகரெட் முடிந்தது. சார்ஜன் போனைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு சிகரெட்டை எடுத்து, முதல் துண்டின் நெருப்பிலேயே பற்ற வைத்தார். "சபார் லா" என்றார். பொறு என்று அர்த்தம். எனக்குச் சொன்னாரா, முணுமுணுத்த வரிசைக்குச் சொன்னாரா என்று இன்று வரை தெரியாது.

அந்தச் சிகரெட்டும் பாதியைத் தாண்டியபோது வாளிக்குள் டக்கென்று ஒரு சத்தம். சிவப்பு டின் மேலே வந்து ஆடியது. வரிசை மொத்தமும் சிரித்தது. சார்ஜன் மட்டும் சிரிக்கவில்லை. பொட்டலத்தை மடித்து என் மனைவியிடம் கொடுத்து, வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னார். சாமானாக இருந்தாலும் சீனி சீனிதான், வேலியைத் தாண்டக் கூடாது என்றார்.

அவள் திரும்பி வந்து வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். "அஞ்சு நிமிஷமுன்னு உங்கள யாரு சொல்லச் சொன்னது?" என்றாள். அவ்வளவுதான். வாளியை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டாள்.

பிறகு கற்கண்டுக்குப் பதிலாக, வேலிக்கு வெளியே கிடைத்த புற்றுமண்ணைக் குழைத்து உருட்டி, காயவைத்து மாட்டினேன். இந்தத் தடவை குளத்துத் தண்ணீரிலேயே கடிகாரம் வைத்துப் பார்த்து, ஒன்பது நிமிஷம் என்று தெரிந்துகொண்டு, துரையிடம் பதினைந்து என்று சொன்னேன். ஒரு நாள் கப்பல் முங்கிப் போனபோது டின் ஒழுங்காக மேலே வந்து இடம் காட்டியது.

அதற்குப் பிறகு எத்தனையோ பட்டறைகளில் எத்தனையோ பேரை வைத்து வேலை வாங்கிவிட்டேன். சொன்ன நேரத்துக்கு முடிக்காமல் ஒருவன் என் முன்னால் முழித்துக்கொண்டு நிற்கும்போது, எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் அந்த இரண்டாவது சிகரெட் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.