டாலர் குறி யாருக்கு

பிற்பகல் மூன்று இருபதுக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. அப்போது அவள் கணினித் திரையில் அண்ணனின் நிரல் வரிக்குக் கீழே தன் வரியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு வலிக்கிறது என்று காலையில் போனவன், இனி வரமாட்டான்.

இருவரும் ஒரே அலுவலகத்தில் இணையதளம் கட்டுகிறவர்கள். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. யாரோ எழுதி வைத்த நிரல் தொகுப்பை, லைப்ரரி என்பார்கள், ஒரே வரியில் பக்கத்தில் சேர்த்தால் போதும். அண்ணன் ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுதான். தங்கை அதன் போட்டியை. இரண்டுக்கும் கூப்பிடு பெயர் ஒன்றுதான்: டாலர் குறி. கடைசியில் ஏறுகிற லைப்ரரி குறியைப் பிடுங்கிக்கொள்ளும், மற்றது படுத்துவிடும். அதனால் காலையில் முதலில் வருகிறவர் தன் வரியைக் கடைசிக்குத் தள்ளுவார். தளம் வெளியாகும் முன் ஒருவர் முனகிக்கொண்டே தன் பகுதியை மாற்றி எழுதுவார். ஆறு வருஷமும் பெரும்பாலும் அது அண்ணன்தான்.

அவனுக்கு அலுவலகத்தில் 'வழுக்கல்' என்று பெயர். தளத்தில் எந்தப் பெட்டியும் படக்கென்று திறக்கக் கூடாது, வழுக்கி இறங்க வேண்டும்.

"சாப்பாட்டுத் தட்டையும் சறுக்கித்தான் வைக்கணுமாடா உனக்கு?" என்பாள் அம்மா.

"நீ வைக்கிற வேகத்துல பாதி சிந்துதேம்மா!"

ஒரு வாரம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். பஸ் நேரத் தளம் திங்கட்கிழமை திறக்க வேண்டும். மேலாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உங்க அண்ணனோட லைப்ரரியைத் தூக்கிடும்மா. ஒரு உறைக்குள்ள ரெண்டு கத்தி எதுக்கு?"

"அது இருக்கட்டும் சார். அவன் எழுதினது அப்படியே ஓடும்."

"யாராவது விட்டுக்கொடுக்கணுமே?"

"நான் கொடுக்கறேன்."

குறியைத் திருப்பிக் கொடுக்க அவளுடைய லைப்ரரியில் ஒரே ஒரு கட்டளை உண்டு. முதல் வருஷமே அவளுக்குத் தெரியும். அண்ணனிடம் மூச்சு விட்டதில்லை. இப்போது அதை எழுதினாள். பிறகு தன் பகுதியில் இருந்த டாலர்களை எல்லாம் அழித்து, லைப்ரரியின் முழுப் பெயரை எழுதினாள். இருவர் எழுதியதும் ஒரே கோப்பில் பின்னிக் கிடந்ததால் மொத்தமாக மாற்ற வழியில்லை. முந்நூற்று நாற்பது இடம். அம்மா இரண்டு முறை போன் செய்தாள். "வரேம்மா, இன்னும் எண்பதுதான்."

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஒரு பஸ் எண்ணைத் தொட்டாள். நிறுத்தங்களின் பட்டியல் மெல்ல வழுக்கி இறங்கியது. அவளுடைய தேடல் பெட்டியும் பக்கத்திலேயே வேலை செய்தது.

தளம் திங்கட்கிழமை திறந்தது. பட்டியலை மூடினால் மட்டும் படக்கென்று மறைகிறது. கோப்பில் அந்த இடத்தில் அண்ணனின் குறிப்பு இருக்கிறது: 'மூடுறது நாளைக்கு.' அதை இன்னும் யாரும் எழுதவில்லை.