மகளிடம் கேட்ட டாக்டரம்மா

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. அப்போது நாங்கள் காரைக்குடிக்குப் பக்கத்தில் சாக்கோட்டையில் குடியிருந்தோம். என் கணவர் மலேசியாவில் ஒரு கடையில் வேலை பார்த்தார். இரண்டு பிள்ளைகளோடு நான் மட்டும் இங்கே.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தடுப்பூசி போட்டார்கள். அதன் பலன் உடம்பில் எத்தனை காலம் நிற்கிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. வருஷத்துக்கு ஒரு முறை அவள் கொஞ்சம் ரத்தம் தரவேண்டும். நானும் சம்மதித்திருந்தேன். அதே ஆஸ்பத்திரியில்தான் என் மகனின் மூச்சிழுப்புக்கு இலவசமாக மருந்து கொடுத்தார்கள்.

மகளுக்குப் பத்து வயதானபோது புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். ஊசியைத் தொடுவதற்கு முன் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ரத்தம் எதற்கு என்று விளக்கினார். இதனால் உனக்கு ஒன்றும் கிடைக்காது, இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்குத்தான் உதவும் என்றும் மறைக்காமல் சொன்னார். பிறகு, "எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேணாம்" என்றாள்.

அல்லாவே, மகனின் மருந்து போச்சே என்று எனக்குப் பதறியது. "அவ கெடக்கா டாக்டரம்மா, சின்னப் புள்ள. நான் பிடிச்சுக்கிறேன், நீங்க எடுங்க" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

பக்கத்தில் நின்ற அவருடைய உதவியாளரும், "இத்தன வருசம் எடுத்ததெல்லாம் வீணாப் போயிருமே, என்ன இப்படி விடுறீக?" என்றார்.

"போனாப் போகுது. ரத்தம் அவளோடது" என்று டாக்டரம்மா என் கையை மெல்ல விலக்கினார். என் முகத்தில் என்ன கண்டாரோ, "மகனுக்கு மருந்து வாங்க எப்பயும் போல வாங்க. அது வேற, இது வேற" என்றார்.

நான் நம்பவில்லை. அந்த மாதமே மகனுக்கு இழுப்பு முற்றிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினேன், ஆஸ்பத்திரி வாசலில் கால் தயங்கியது. டாக்டரம்மாதான் விரைந்து வந்து அவனை வாங்கிக்கொண்டார். அவன் சீராக மூச்சுவிடும்வரை பக்கத்தைவிட்டு நகரவில்லை. கிளம்பும்போது, மகள் நன்றாகப் படிக்கிறாளா என்று மட்டும் விசாரித்தார்.

அதன்பிறகு என் மகள் ரத்தம் கொடுக்கவே இல்லை. அந்த வருஷம் வந்த எல்லாப் பிள்ளைகளிடமும் டாக்டரம்மா அப்படித்தான் கேட்டாராம். சிலர் மறுத்தார்களாம், பலர் தாங்களாகவே கையை நீட்டினார்களாம்.

கேட்டால் மறுத்துவிடவும் கூடும் என்று தெரிந்தும், தன் வேலை கெட்டாலும் பரவாயில்லை என்று பிள்ளைகளிடமே கேட்டாரே, அந்த மனசு இன்றைக்கும் என்னை வியக்க வைக்கிறது.