சுடச்சுட வந்தது அக்காவுக்கு, ஆறினது நெடுந்தீவுக்கு

பிலோமினா அக்கா காலமாகிவிட்டார் என்று நெடுந்தீவிலிருந்து சிவராசா தொலைபேசியில் சொன்னபோது, என் கணினித் திரையில் 'புதிய பதிப்பு வந்துள்ளது' என்ற அறிவிப்பு நின்றது. எனக்கு எரிச்சலாக இருந்தது. அக்காவாக இருந்தால் உடனே மூக்குக்கண்ணாடியைத் தேடியிருப்பார்.

போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளர் சங்கத்தில் நானும் அக்காவும் வேலை செய்தோம். கடலுக்கு அப்பால் நெடுந்தீவில் அதற்கொரு கிளை இருந்தது. படகுகளுக்கு மண்ணெண்ணெய் கொடுக்கும் அட்டைகளைக் கணினிதான் அச்சிடும். அந்த மென்பொருளைச் செய்த கம்பனி, புதிய பதிப்பை இரண்டு விதமாக அனுப்பும். ஒன்று செய்த கையோடு வரும். மற்றது வேறிடங்களில் ஓடி, பிழை திருத்தப்பட்டு, பிந்தி வரும். அக்கா இரண்டையும் கேட்டு வாங்கினார். "சுடச்சுட வாறது எனக்கு. ஆறினது நெடுந்தீவுக்கு."

சுடச்சுட வந்ததையும் சனி பின்னேரம்தான் எங்கள் கணினியில் போடுவார். ஞாயிறு எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் கடலுக்குப் போவதில்லை. எண்ணெய்க்கு ஆள் வராது. "என்னத்தை மாத்தியிருக்கிறாங்கள் எண்டு பாப்பமே" என்று ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்ப்பார். எனக்குப் பசிக்கும், அவருக்குப் பசிக்காது.

நெடுந்தீவுக் கிளையைப் பார்த்துவந்த சிவராசா ஒருநாள் நேரில் வந்து சண்டை பிடித்தார். "எங்களுக்கு மட்டும் எப்பவும் பழசோ, அக்கா? நாங்கள் என்ன மனுசர் இல்லையோ?"

"இஞ்ச குழம்பினா நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து பாப்பன். உம்மட இடத்துக்குக் கடல் விட்டாத்தானே வரலாம்?"

அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார். கடல் கொந்தளிக்கும் அடுத்த கச்சான் காற்றுக் காலத்தில் வந்த புதிய பதிப்பு, எங்கள் கணினியில் தமிழ் எழுத்துகளை எல்லாம் வெறுங்கட்டங்களாக்கியது. ஒரு பெயரும் வாசிக்க ஏலாது. ஞாயிறு முழுக்க மல்லுக்கட்டியும் சரிவரவில்லை. திங்கள் காலை அட்டைகளைக் கையால் எழுதினோம். அதற்குத் தலைவரின் கையெழுத்து வேண்டும். தலைவர் பக்கத்து அறையில் இருந்தார். நெடுந்தீவில் அப்படி யார் இருக்கிறார்கள்? காற்றுக்கு, தீவுக்கு ஆளேற்றும் லோஞ்சும் ஓடவில்லை. ஆனால் காற்று விழுந்த அன்று விடியவே, பழைய பதிப்பு அச்சிட்ட அட்டைகளோடு நெடுந்தீவுப் படகுகள் எண்ணெய் எடுத்துக் கடலிறங்கின. சிவராசா அதற்குப் பிறகு பழசு என்று வாய் திறக்கவில்லை.

தொலைபேசியில் அவர் அழுதார். "எதையும் முதல்ல தன்ர மிசினில போட்டுப் பாத்திட்டுத்தானே எங்களுக்கு விடுவா. இதுக்கும் எங்களுக்கு முந்திப் போயிட்டா."

இன்று நான் கணினி பார்க்கும் இடத்திலும் என்னை நம்பிச் சில கிளைகள் இருக்கின்றன. அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த வரிசை: முதலில் நான், கடைசியில் நான் போய்ச்சேர முடியாத இடம். கிளைகளுக்கு அனுப்புவதை நிறுத்திவைத்துவிட்டு, புதிய பதிப்பை என் கணினியில் போட்டேன்.

என்னத்தை மாத்தியிருக்கிறாங்கள் எண்டு பாப்பமே, அக்கா.