கடித்தது எந்த மாநிலத்து நாய்?

நான் குடியிருக்கும் சுவிஸ் ஊரில், காட்டுப் பாதையோரம் ஒரு கோழித் தலை கிடந்தது. திருத்தணிக்காரன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். யாரோ யாருக்கோ கழிப்புக் கழித்துப் போட்டிருக்கிறார்கள் என்று, சேற்றில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனேன். நாயோடு வந்த பக்கத்து வீட்டு மதாம், அதற்குள் இருப்பது தடுப்பு மருந்து என்றாள். நரிகளுக்கு வெறிநோய் வராமலிருக்க அரசாங்கமே போடுகிறதாம். நரிக்கு எல்லை தெரியாது என்பதால் அண்டை நாடுகளோடும் பேசி வைத்திருக்கிறார்களாம். எங்கள் ஊரில் கோழித் தலைக்கு என்ன அர்த்தம் என்று என் ஓட்டைப் பிரெஞ்சில் விளக்கினேன். அவள் அதைச் சமையல் குறிப்பாக எடுத்துக்கொண்டு, இது மனிதர்கள் சாப்பிடக் கூடாது என்று பரிவோடு எச்சரித்தாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அண்டை நாடுகள் கைகோத்தால் கொள்ளைநோயையும் சண்டையையும் ஒருசேரத் தள்ளி வைக்கலாம் என்பதுதான் என் ஆராய்ச்சி. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து இதையே எழுதிச் சாப்பிடுகிறேன். பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்த என் பாவா, அதாவது அக்கா புருஷன், நான் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் தறியை நிறுத்தாமலே அதைச் சுருக்கிச் சொல்வார்: "நாடும் நாடும் பேசிகினா நோவு வராதாம். இத்த சொல்றதுக்கு நம்ம மச்சானுக்கு ஏரோப்ளேன் டிக்கெட்டு." என் உழைப்புக்கு இதைவிட நல்ல மதிப்புரை வந்ததில்லை.

போன வருஷக் கோடையில் பாவா நூல் வாங்க ஆந்திராப் பக்கம் போனார். பஸ்ஸில் கண்ணயர்ந்து விழிப்பதற்குள் வந்துவிடுகிற தூரம்தான். அங்கே ஒரு நாய் கெண்டைக்காலைக் கவ்வியது. அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில், நீங்கள் தமிழ்நாட்டுக்காரர், ஊசியை உங்கள் ஊரில் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில், கடித்தது ஆந்திரா நாய், ஊசியும் அங்கேதான் என்றார்கள். இரண்டு பாஷையிலும் கெஞ்சத் தெரிந்தவர் பாவா, இரண்டிலும் கெஞ்சினார். மெட்ராஸுக்குப் போகலாம் என்றாள் அக்கா. ஆடிக் கிருத்திகைக்குக் கொடுக்க வேண்டிய சரக்கு தறியில் நின்றது. திருவிழா முடியட்டும் என்று சொல்லிவிட்டு, யாரோ கொடுத்த வேரை அரைத்துக் கட்டிக்கொண்டு தறிக்குழியில் இறங்கிவிட்டார்.

திருவிழா முடிந்து சில வாரங்களில் ஊரிலிருந்து டிரங்க் கால் வந்தது. மாநாட்டு அறையிலிருந்து என்னை வெளியே அழைத்தார்கள். அக்கா, நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"தண்ணிய கண்டா நடுங்கறாருடா. காத்து பட்டாகூட ஒதறிகினு கத்தறாரு. பெரிய பெரிய டாக்டருங்க உன் பக்கத்துலயே குந்திகினு இருப்பாங்களே, ஒரு வார்த்த கேளு."

கேட்க ஒன்றுமில்லை. அந்த நிலைக்கு வந்துவிட்டால் எந்த நாட்டிடமும் மருந்து கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் உலகம் முழுவதும் ஒற்றுமையாக இருக்கிறது.

"கேட்டுச் சொல்றேன்க்கா."

"ஆங், சீக்கிரம் கேளு."

லைன் அறுந்துவிட்டது.

உள்ளே போனதும் கூட்டத் தலைவர் என் முகத்தைப் பார்த்து, ஊரில் கலவரம் ஏதாவதா என்றார். இல்லை, உறவினருக்கு உடம்பு சரியில்லை என்றேன். உங்கள் ஊர் எங்கே என்று கேட்டு, சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தின் அருகே அழைத்துப் போனார். அதில் நாடுகளுக்குத்தான் எல்லை; மாநிலங்களுக்குக் கோடு போடவில்லை. மெட்ராஸுக்கு மேற்கே உத்தேசமாக ஒரு விரலை வைத்தேன். அக்கா, பாவா, இரண்டு ஆஸ்பத்திரிகள் எல்லாம் என் நகத்துக்கு அடியில் போய்விட்டன.

"எந்த எல்லைக்கும் பக்கத்தில் இல்லை. நல்லது" என்றார் அவர்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் போய் உட்கார்ந்து கூட்டத்தைத் தொடங்கினார். நான் விரலை எடுக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.