பொட்டு வைத்த இருபத்திரண்டு போன்கள்

விஜயதசமி காலை ஒன்பதரை மணிக்கு என் கைபேசி அடித்தபோதே ஏதோ வில்லங்கம் என்று தெரிந்துவிட்டது. ஆரணியில் ஒரு பட்டுப் புடவை மொத்த வியாபாரக் கடைக்கு, ஒரு மாதம் முன்புதான் இணைய இணைப்பில் பேசும் ஐபி போன்கள் இருபத்திரண்டை மாட்டிக் கொடுத்திருந்தேன். அதில் ஒன்றிலிருந்து கூப்பிட்டிருந்தால் கடை எண் திரையில் வந்திருக்கும். வந்ததோ மேனேஜரின் சொந்த எண்.

“எல்லா போனும் படுத்துடுச்சுங்க. முதலாளி கத்திகினு இருக்காரு. பன்னெண்டு மணிக்குள்ள சரியாவலன்னா அத்தனையும் கழட்டி எடுத்துகினு போவட்டும்னுட்டாரு. ஜல்தி வாங்க.”

கண்ணமங்கலத்தில் என் வீட்டு வாசலில் நின்ற ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினேன். பத்து வருடம் வேலூரில் அடுத்தவருக்குக் கேபிள் இழுத்துவிட்டு, சொந்தமாகத் தொழில் தொடங்கி நான் பிடித்த முதல் பெரிய வேலை அது. அந்தக் கடைத்தெருவில் ஒரு கடையில் நடப்பது பக்கத்துக் கடைக்குத் தெரிய டீ ஆறும் நேரம்கூட ஆகாது. போன்கள் கழன்றால் ஆரணியில் என் தொழிலும் அன்றோடு கழன்றுவிடும்.

போதாததற்கு அந்த முதலாளி என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியவரில்லை. நான் எதிரிலேயே நிற்பேன். அவர் மேனேஜரைப் பார்த்து, “அந்தப் பொண்ண கேளு” என்பார். எனக்கு முப்பத்தெட்டு வயது, என் மகன் பத்தாம் வகுப்பு. பொண்ணாம். ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

கடைக்குள் நுழைந்ததும் சாம்பிராணி வாசனையும் கூச்சலும் சேர்ந்தே வந்தன. முன்கட்டு போனில் எதிராளி பேசுவது கேட்டது, நாம் பேசுவது அங்கே கேட்கவில்லை. புடவைகளை மடித்து அட்டை வைக்கும் மடிப்பு செக்‌ஷனில் போன் திரை அணைந்து அணைந்து எரிந்தது. பின்கட்டில் சாயம் போடும் இடத்து போன் செத்தே போயிருந்தது. புடவைக்கு விலைச்சீட்டு அடிக்கும் பிரிண்டரும் மக்கர் செய்தது. பிரிண்டருக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்த நொடியில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

“இன்னிக்குக் காலைல எதெது எந்த வரிசைல போட்டீங்க?” என்று மேனேஜரைக் கேட்டேன்.

“நேத்து ஆயுத பூஜைங்க. எல்லாத்தயும் அணைச்சு, தொடச்சு, பொட்டு வெச்சிட்டோம். இன்னிக்கு மறுபூஜை முடிஞ்சி மொத மொத போன்தான் போட்டோம். ஆர்டரு அதுலதானே வருது, அதுக்குத்தான் மொத மரியாத. அப்புறம் கம்ப்யூட்டரு, பிரிண்டரு, கேமரா.”

அங்கேதான் இருந்தது வினை. இந்த வகை போன் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். கேட்கிற போனுக்கு, காலியாக இருக்கும் ஒன்றை எடுத்துக் கொடுப்பது ரூட்டரின் வேலை. ஆனால் பிரிண்டர், கேமரா, கைரேகை மிஷின் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொருவர் எப்போதோ வந்து கையாலேயே முகவரி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அது ரூட்டருக்குத் தெரியாது. அவை விழித்திருந்த வரை, ரூட்டர் தட்டிப் பார்த்து அங்கே ஆள் இருப்பதைக் கண்டு விலகிக்கொண்டது; தொல்லையில்லை. அன்று அவை தூங்கும்போது போன்கள் முதலில் எழுந்து முகவரி கேட்டன. ரூட்டரும் அணைந்து எழுந்ததில் பழையதை மறந்து, காலி என்று நினைத்து பிரிண்டரின் முகவரியையே ஒரு போனுக்குக் கொடுத்துவிட்டது. பிறகு பிரிண்டர் விழித்தது. ஒரே முகவரிக்கு இரண்டு பேர். கேமரா, கைரேகை மிஷின் முகவரிகளிலும் இதே கதை.

தப்பு பூஜையில் இல்லை, என்னுடையது. அந்த மிஷின்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அவற்றின் முகவரிகளை ரூட்டர் தொடாதபடி ஒதுக்கியிருக்க வேண்டும். மாட்டிய அன்று எல்லாம் ஓடியது, நானும் கிளம்பிவிட்டேன். என்மேல் எனக்கு வந்த கோபம் முதலாளியின் கோபத்தைவிடப் பெரிது.

மணி பத்தரை. இனி ஒவ்வொரு போனுக்கும் மாறாத முகவரி ஒன்றை ரூட்டரில் எழுதிவைக்க வேண்டும். அதற்கு ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டிய சீட்டில் கம்பெனி அச்சடித்திருக்கும் தனி எண் வேண்டும். ஒரு போனைத் திருப்பினேன். சீட்டு முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். இன்னொன்று, அதுவும் அப்படியே. முகப்பில் வைத்தால் பொத்தான் கெட்டுவிடுமாம், பக்குவமாக அடியில் வைத்திருக்கிறார்கள்! துணியை எடுத்தேன்.

“ஐயோ, விஜயதசமியும் அதுவுமா பொட்ட அழிக்காதீங்க!” மேனேஜர் குறுக்கே கையை நீட்டினார். எனக்கும் மனசு வரவில்லை. துணியைப் பையில் திணித்தேன்.

நல்ல வேளையாக, நாலு பொத்தான் அழுத்தினால் அதே எண் திரையிலும் வரும். மடிப்பு செக்‌ஷன் பெண்களிடம் அதைக் காட்டினேன். அவ்வளவுதான், செக்‌ஷன் செக்‌ஷனாக ஓடி எண்ணை எழுதி வந்து குவித்துவிட்டார்கள். செத்துப்போன சாயக்கட்டு போனைக்கூட பிடுங்கிச் சொருகி உயிர் கொடுத்து எழுதிக்கொண்டு வந்தார் ஒரு அம்மா. மற்றவர்கள் கையால் முகவரி போட்டுவிட்டுப் போன மிஷின்களை நான் ஐம்பதுக்குக் கீழே உள்ள முகவரிகளுக்குத் தள்ளி, அந்தப் பக்கம் ரூட்டர் கைவைக்காதபடி அடைத்தேன். போன்களுக்கு நூற்றொன்றிலிருந்து நூற்று இருபத்திரண்டு வரை தனித்தனியாக எழுதினேன்.

பதினொன்றே முக்காலுக்கு முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். மேனேஜரைப் பார்த்தார். “நேத்து வரைக்கும் ஓடிகினு இருந்துது. அடுத்த வருசமும் பூஜை வரும், அப்பவும் இந்த பேஜார்தானான்னு அந்தப் பொண்ண கேளு.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நானும் மேனேஜரையே பார்த்துச் சொன்னேன். “உங்க முதலாளி தனக்குப் புடவை நெய்யற ஒவ்வொரு தறிக்கும் ஒரு நம்பர் குடுத்திருக்காரே, தறி ஆறு மாசம் நின்னு கெடந்தா அந்த நம்பர வேற தறிக்குக் குடுப்பாரான்னு கேளுங்க.”

“அது எப்பிடி குடுக்கறது? புடவை மாறிப்பூடுமே!” முதலாளியே சொன்னார். சொன்னவர் போனைத் திரும்பிப் பார்த்தார். “ஓகோ. அப்ப இதுக்கும் தறி நம்பர் போட்டாச்சா?”

“போட்டாச்சுங்க. தூங்கினாலும் முழிச்சாலும் அதது நம்பர் அததுக்குத்தான்.”

நம்பினாரா என்று தெரியவில்லை. எனக்கு அந்தச் சந்தேகப் பார்வை பொறுக்கவில்லை. எல்லோரும் பார்க்க, மெயின் சுவிட்சையும் யுபிஎஸ்ஸையும் இறக்கினேன். கடை முழுக்க இருட்டு, மின்விசிறிகள் நின்றன. மேனேஜர் “அம்மா!” என்றார். காலையில் எல்லாவற்றையும் கவிழ்த்த அதே வரிசையில்தான் ஏற்றச் சொன்னேன்: போன் முதலில், பிரிண்டரும் கேமராவும் பிறகு.

இரண்டு நிமிடம் எனக்கு இரண்டு வருடம். பிறகு முன்கட்டில் ஒரு திரை எரிந்தது, மடிப்பில் ஒன்று, சாயக்கட்டில் ஒன்று. கோடவுனிலிருந்து முன்கட்டுக்கு அடித்தார்கள், இரண்டு பக்கமும் கேட்டது. பிரிண்டர் சரசரவென்று விலைச்சீட்டைத் துப்பியது. மடிப்பு செக்‌ஷன் பெண்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வெட்கமில்லாமல், எனக்கே. அப்படி ஒரு சந்தோஷம். முதலாளி மாடியேறிப் போய்விட்டார்.

நான் பையைக் கட்டும்போது மடிப்பு செக்‌ஷன் போன் அடித்தது. எடுத்த அம்மா ரிசீவரை என்னிடம் நீட்டினார். மாடியிலிருந்து முதலாளியின் குரல்.

“ஏம்மா, மணி பன்னெண்டாச்சு. பூஜை பொரி நமுத்துப் போறதுக்குள்ள மேல வாங்க, சாப்புடலாம்.”

மேனேஜர் என் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார்.